ஆள் கயிறு

முக்குளி மாறன் நான்காவது முறையாகப் பிறந்திருந்தார். மனுஷனாய்ப் பிறந்தவன் ஒரு தடவை பிறந்து ஒரு தடவை சாவான். மாறன் அப்படி இல்லை. 1959-இல் பிறந்தார், 65-இல் பிறந்தார், 70-இல் பிறந்தார், இப்போது 1976 ஜூன் மாதத்தில் ‘புத்தம் புதிய முதல் இதழ்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் பிறந்திருக்கிறார். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடப்பவன் மாதிரி நான் கடை வாசலில் நின்றிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

“ஏலே ரோச்சு, ஒன் ஆளு திரும்பவும் பொறந்துட்டாரு. கடைக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்து குடு” என்றார் நல்லக்கண்ணு அண்ணாச்சி. ரயில்வே ஸ்டேஷன் எதிரில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறவர். பதினேழு வருஷமாக மாறனை என் கையில் எடுத்துக் கொடுப்பவர். அவருக்கு நான் இன்னும் டிராயர் போட்ட பையன்தான். உண்மையில் எனக்கு வயது முப்பது, கல்யாணமாகி இரண்டு வருஷம், துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி நோட்டில் கோடு போட வேண்டும். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அதைவிட அலுப்பான காரியம் உலகத்தில் கிடையாது என்று நினைத்திருந்தேன், அந்த ஜூன் இதழைப் படிக்கும்வரை.

மாறனைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு படக்கதை நாயகன். கடலடியில் ஒரு மணி நேரம் மூச்சடக்குவார். சுறாவின் தாடையைப் பிடித்துக் கிழிப்பார். முழுகிப்போன கப்பலைத் தோளில் தூக்கி நிமிர்த்துவார். சின்ன வயதில் ஒரு முத்துச்சிப்பியை முழுங்கியதால் வந்த சக்தி. ஆனால் ஒரே ஒரு குறை உண்டு. தானாக மேலே வர அவரால் முடியாது. இடுப்பில் கட்டிய கயிற்றை அவருடைய மச்சான் இழுத்தால்தான் வருவார். வேறு எவன் இழுத்தாலும் கயிறு அசையாது. ஒவ்வொரு வாரமும் கடைசிப் படத்தில் ‘கயிறு மச்சான் கையில்!’ என்று போட்டிருக்கும்.

‘உலகத்தையே காப்பாற்றுகிறவருக்கு மச்சான் எதற்கு?’ என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேலியாக எழுதியிருந்தார். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை இங்கே அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பது வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதற்கு எந்த ஆண்பிள்ளையும் சம்மதிக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. தண்ணீருக்குள் போகிறவனுக்கு மேலே இருப்பவன் மீது வேறு என்ன பிணை வாங்க முடியும்? அதனால் மாறனின் சக்தியைப் பற்றித்தான் எங்களுக்குச் சந்தேகம் இருந்தது, மச்சானைப் பற்றி இல்லை.

அந்த மச்சான் வேறு யாரும் அல்ல, என் தாய்மாமன் மனுவேல். நான் பீற்றிக்கொள்வதாக என் மனைவி கிளாடிஸ் சொல்வாள், பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன். 1958 முத்துக்குளிப்பின்போது சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்து நாலு நாள் எங்கள் வள்ளத்தில் கூடவே போய்ப் படம் வரைந்தார். மாமாவின் இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு, முடி முளைக்காது. மறு வருஷம் ‘சிறுவர் கொடி’ வாரப் பத்திரிகையில் மாறன் வந்தபோது மச்சானுக்கு அதே புருவம், அதே தழும்பு. தெருவே மாமாவை ‘மாறன் மச்சான்’ என்று கூப்பிட ஆரம்பித்தது.

அந்த 58 முத்துக்குளிப்பில்தான் என் அப்பா தொம்மை செத்துப்போனார். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் நெஞ்சடைத்துவிட்டது என்றும், மாமா ஒரு நொடி தாமதிக்காமல் இழுத்தும் உயிர் இல்லை என்றும் அம்மா என்னிடம் சொன்னாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மனிதர் கடலுக்குள் போவதையும், என் மாமாவின் முகத்தோடு ஒருவர் அவரை உயிரோடு மேலே இழுப்பதையும் பார்த்தேன். எனக்கு ஏன் மாறனைப் பிடித்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சரி, பிறவிகளுக்கு வருகிறேன். முதல் பிறவியில் மாறன் கோவணம் கட்டியிருந்தார். கதையில் உப்பு வாடை அடித்தது. 65-இல் தனி மாத இதழ் ஆக்கியபோது கத்தரிப்பூ நிறத்தில் இறுக்கமான உடுப்பும் முதுகில் ஒரு சால்வையும் போட்டுவிட்டார்கள். தண்ணீருக்குள் சால்வை போட்டுக்கொண்டு முத்துக்குளிக்கிறவனை எந்தக் கடலில் பார்த்தார்கள் என்று கேட்டு என் முதல் கடிதத்தை எழுதினேன். ‘ரோச், தூத்துக்குடி-1’ என்று பெயரோடு போட்டார்கள். 70-இல் மாறன் வேற்றுக்கிரகத்துக் கடலிலிருந்து வந்தவராகிவிட்டார். கயிற்றுக்குப் பதில் மின்சார வயர், மச்சானுக்கு வெள்ளைக் கோட்டு. நான் எட்டுப் பக்கம் எழுதினேன். என்னைப் போல நாலு ஊரிலிருந்து எழுதியிருப்பார்கள் போல. ஆறு மாதம் கழித்து ‘எல்லாம் கனவு’ என்று சொல்லி மாறனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள். நான் அதையும் வாங்கித்தான் படித்தேன். ரசிகன் என்று பேர் எடுத்துவிட்டால் ரோஷம் பார்க்க முடியாது.

இதுவரை என் கடிதங்கள் பதினாலு அச்சில் வந்திருக்கின்றன. எல்லாம் திருத்தங்கள். மார்கழியில் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்காது, சுறா இமை கொட்டாது, அமாவாசையன்று நிலா வரையாதீர்கள், இப்படி. “பள்ளிக்கூடத்து வாத்தியாருகூட இப்படி சிவப்பு மை போடமாட்டாரு” என்பாள் கிளாடிஸ்.

இந்த நான்காவது பிறவி திருத்தத்துக்குள் அடங்குவதாக இல்லை. புதிய கதையில் முதல் இரண்டு பக்கம் மாறனும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். ஆறாம் பக்கம் மாறன் கடலுக்குள் இறங்குகிறார். வள்ளத்திலிருந்து இரண்டு கயிறு போகிறது. ஒன்று மாறன் இடுப்பில் இருக்கும் ஆள் கயிறு, இன்னொன்று முத்துக் கூடையில் கட்டிய கூடைக் கயிறு. இரண்டும் ஒரே சமயத்தில் ஆடுகின்றன. மச்சான் கூடையை இழுக்கிறான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து ஆள் கயிற்றை அறுக்கிறான். கடைசிப் படத்தில் அந்த முகம் மட்டும் முழுப் பக்கத்துக்கு. பல்லை இளித்துக்கொண்டு, இடது புருவத்தில் தழும்போடு. கீழே ‘அவன் பெயர் கயிறறுத்தான்! மாறனின் பரம எதிரி!’

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதை மூன்று தடவை பார்த்தேன். கோபம்கூட உடனே வரவில்லை. முதலில் ஓர் அசதிதான் வந்தது. பதினேழு வருஷம் ஒரு வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்துவிட்டு ஒரு நாள் கதவைத் தட்டினால் யாரோ திறந்து ‘நீங்க யாரு?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்?

கோபம் ஒரு வாரம் கழித்து வந்தது. மாமா கடலுக்குப் போவதை 58-லேயே விட்டுவிட்டார். கடற்கரைச் சாலையில் சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியில் காவல் வேலை, அங்கேயே ஓர் அறையில் தனியாகத் தங்கல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அந்த ஞாயிறு அவர் தெருவுக்குள் நுழையும்போது பிள்ளைகள் கோலிக்குண்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து, “கயிறறுத்தான் வாரான்! கயிறறுத்தான் வாரான்!” என்று கத்தினார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை, விரட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்து சாப்பிட்டார். அம்மா வழக்கம்போல் பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். மச்சான் உண்மையான மனிதர், உயிரோடு இருக்கிறார், அவர் முகத்தைத் திருடிக் கேவலப்படுத்தியிருக்கிறீர்கள், உடனே மாற்ற வேண்டும். பத்து நாளில் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான், அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

‘அன்புள்ள திரு. ரோச், நாங்கள் எதையும் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. மாறனை உருவாக்கிய ஓவியர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய 1958 குறிப்பேடு எங்களுக்குக் கிடைத்தது. அவர் முதலில் எழுதிய கதையில், மச்சான் ஆள் கயிற்றை விட்டுவிட்டுக் கூடைக் கயிற்றைத்தான் இழுக்கிறான். குழந்தைகள் பத்திரிகைக்கு இது பொருந்தாது என்று அன்றைய ஆசிரியர் மறுத்ததால் ஓவியர் கதையை மாற்றிக்கொடுத்தார். ஆகவே இதுவே அசல் மாறன். விறுவிறுப்புக்காகக் கத்தியை மட்டும் நாங்கள் சேர்த்தோம். எனினும் தாங்கள் குறிப்பிடும் பெரியவர் மனம் புண்பட்டிருந்தால், நடந்தது இதுவல்ல என்று அவரே எழுதிக் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தையும் அவருக்கு அவர்கள் என்ன உறவு என்பதையும் சேர்த்து அனுப்பினால், மூன்றாம் இதழிலிருந்து பாத்திரத்தின் முகத்தையும் கதையையும் மாற்றிவிடுகிறோம். ஜூலை 20-க்குள் அனுப்பவும்.’

அசலாம்! சென்னையிலிருந்து வந்த ஓவியருக்கு ஆள் கயிறு எது, கூடைக் கயிறு எது என்று என்ன தெரியும்? நாலு நாள் வள்ளத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்த மனுஷன். நான் மளமளவென்று மாமா சொல்வதுபோல் ஒரு கடிதம் எழுதினேன். ‘நான் என் மைத்துனர் தொம்மையின் கயிற்றை ஒரு நொடியும் தாமதிக்காமல் இழுத்தேன்’ என்று தொடங்கியது. ஷிப்ட் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மாமா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மிளகாய் வற்றல் மூட்டைகள், தும்மல் வரும் நெடி.

“மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அடுத்த மாசத்தோட இந்தக் கேலியெல்லாம் நின்னுரும்” என்றேன்.

மாமா வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர், நேரமானது. மாறன் இதழை எத்தனையோ தடவை அவரிடம் நீட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை, “கண்ணு சரியில்ல லே” என்பார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வேன். இந்தக் காகிதத்தைக் கண்ணாடி இல்லாமலே படித்தார். படித்துவிட்டு நாலாக மடித்து என்னிடமே நீட்டினார்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“ஏன் மாமா?”

“பொய்யாட்டு இருக்கு.”

“எது பொய்?”

“ஒரு நொடியும் தாமதிக்காமன்னு போட்டிருக்கியே, அது.”

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மாமா என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அன்னைக்கு நம்ம வள்ளத்துக்குத்தான் சிப்பி கொறச்சல். காலையிலேருந்து பக்கத்து வள்ளத்துக்காரனுவ நையாண்டி பண்ணிக்கிட்டே வாரானுவ. மத்தியானத்துக்குத்தான் ஒங்கப்பாவுக்கு நல்ல எடம் ஆப்பிட்டுது. ரெண்டு கயிறும் ஒண்ணுபோல ஆடிச்சு. கூடை கனமா இருந்துது. கூடைய எடுத்துருவோம், ஒரு நிமிசந்தானன்னு நெனச்சேன். ஆள் கயித்தக் கால்ல மிதிச்சுக்கிட்டுக் கூடைய இழுத்தேன்.”

“மாமா...”

“சொல்லி முடிச்சிருதேன். காலுக்கு அடியில கயிறு ரெண்டு தடவ இழுத்துது. மூணாவது தடவ இழுக்கல. அதுக்கப்புறந்தான் நான் அதப் பிடிச்சு இழுத்தேன். கூடையில சிப்பி நெறஞ்சு கெடந்துது லே. அந்தப் படக்காரர் முன்னால அணியத்துல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. பாவம், யார்ட்டயும் சொல்லல. மாத்தி வரஞ்சிட்டாரு.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஐம்பத்தாறு வயது மனிதர், என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர், என் கல்யாணத்தில் எனக்கு மாப்பிள்ளைக் கோட்டுத் தைத்துக் கொடுத்தவர், அவரைக் கன்னத்தில் அறையத் தோன்றியது. அறையவில்லை. “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“அன்னைக்கே சொல்லிட்டேன். கரையில எறங்கி மொத அவகிட்டதான் சொன்னேன். ‘பிள்ளைக்கு அப்பன்தான் இல்லன்னு ஆயிட்டு, மாமனாவது இருக்கட்டும். அவன்ட்ட சொல்லாதீய’ன்னா. அதுதான் அவ என்கிட்ட கடைசியாப் பேசுனது. அதுக்கப்புறம் என்னைய அண்ணேன்னு கூப்பிடல. ஞாயித்துக்கிழம தவறாம சோறு போட்டா. பேச்சு மட்டும் இல்ல.”

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அம்மா மாமாவோடு பேசி நான் கேட்டதே இல்லை. ‘மாமாவுக்கு மோர் ஊத்து’, ‘மாமாவைக் கை கழுவச் சொல்லு’, எல்லாம் என் வழியாகத்தான் போகும். அண்ணன் தங்கச்சிக்குள் அப்படி ஒரு சங்கோஜம் என்று நினைத்திருந்தேன். முப்பது வயதுவரை ஒருவன் இவ்வளவு மடையனாக இருக்க முடியும் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. மாறனின் கதையை மாற்றிவிட்டார்கள் என்று கடிதம் மேல் கடிதம் எழுதிக் கத்தினேனே, என் வீட்டில் கதையை மாற்றி எத்தனை காலமாகிறது! அம்மா மாற்றி எழுதியதை அசல் என்று நம்பிப் பதினெட்டு வருஷம் விழுந்து விழுந்து ரசித்தவன் நான். அப்பாவின் சாவைத் திரும்ப ஒரு முறை, இன்னும் மோசமான விதத்தில், என் தலையில் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. பன்னிரண்டு வயதில் அழுத அழுகை எல்லாம் வேறு யாருடைய சாவுக்கோ அழுதது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். “ஒடம்புக்கு முடியலயா?” என்று கிளாடிஸ் கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு ஒரு மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள். அம்மாவுக்குக் குரல் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

“மாமா வரலயே?”

“வரமாட்டாரு.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “சொல்லியாச்சா?”

“ஆச்சு. நீ ஏம்மா என்கிட்ட மறைச்சே? அந்த ஆளுக்கு எப்படிம்மா ஒன்னால சோறு போட முடிஞ்சுது?”

“சத்தம் போடாதல. எனக்கு மட்டும் கோவம் இல்லன்னு நெனைச்சியா? மொத வருசம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் அந்தத் தட்டைத் தூக்கி முற்றத்துல வீசிரலாமான்னு இருக்கும். நீ பக்கத்துல உக்காந்து மாமா மாமான்னு தின்னுக்கிட்டிருப்ப. எங்கன வீச? அப்புறம் பழகிப்போச்சு. கோவத்தையும் எத்தன வருசம் தூக்கிக்கிட்டுத் திரிய, கை வலிக்குல்லா.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் பதினெட்டு வருசம் போட்டாச்சு. இனிமே போடணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு.”

மாமாவின் தட்டு மூடியபடியே சாயங்காலம்வரை இருந்தது. கிளாடிஸ் அதை எடுத்துக் கழுவி வைத்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து சைக்கிளில் கடற்கரைச் சாலை வழியாக வந்தேன். வேண்டுமென்றே வந்தேனா, தெரியவில்லை. மாமா டீக்கடையிலிருந்து தூக்குச் சட்டியோடு கிட்டங்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னாலே ஏழெட்டுப் பிள்ளைகள். “கயிறறுத்தான்! கயிறறுத்தான்! கத்திய எங்க?” ஒருவன் ஓடிப்போய் அவர் வேட்டி மடிப்பில் கத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். மாமா நின்று, கையை விரித்து, பார்த்துக்கொள் என்பதுபோல் காட்டினார். ஏதோ தனக்கு உரியதை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி முகம். விரட்டியிருந்தால்கூட நான் பேசாமல் போயிருப்பேன். அந்த விரித்த கையைப் பார்த்ததும் என்னால் சைக்கிளை மிதிக்க முடியவில்லை.

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். கோபம் அப்படியேதான் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அறுக்காதவனை அறுத்தான் என்று சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. கச்சான் காற்றுக்கும் சுறாவின் இமைக்கும் எழுதியவன் இதற்கு எழுதாமல் இருந்தால் அந்தப் பதினாலு கடிதத்துக்கும் அர்த்தமில்லை. பிள்ளைகளை விரட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் காகிதத்தை எடுத்தேன்.

‘ஆசிரியர் அவர்களுக்கு. ஓவியரின் குறிப்பேட்டில் உள்ளது சரி. மச்சான் கூடையைத்தான் முதலில் இழுத்தார். அதை நீங்கள் மாற்ற வேண்டாம். ஆனால் அவரிடம் கத்தி இல்லை. கயிற்றை அவர் அறுக்கவில்லை. கூடையை இழுத்த பிறகு ஆள் கயிற்றையும் இழுத்தார். பிந்தி இழுத்தார். இளிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவே இல்லை. பிந்தி இழுத்தவனுக்கும் அறுத்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. அதை மட்டும் சரியாகப் போடவும்.’

கீழே கையொப்பம், சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே உறவு என்று எழுதிக் கோடு போட்டேன்.

மறுநாள் மாமா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘பிந்தி இழுத்தார்’ என்ற இடத்தில் விரல் நின்றது. என்னிடம் பேனாவை வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். “இது சரியாட்டு இருக்கு” என்றார். நான் அவரை மாமா என்று கூப்பிடவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நல்லக்கண்ணு அண்ணாச்சி முதல் சாட்சி. படித்தார், வழக்கமான நையாண்டி எதுவும் செய்யவில்லை. உறவு என்ற இடத்தில் ‘ஊர்க்காரர்’ என்று எழுதினார்.

இரண்டாவது சாட்சிக்கு ஆபீசில் பொன்னுதுரையைக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டது, அவன் லீவில் எட்டயபுரம் போயிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் அம்மா அதைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்து நன்றாக வரும்.

“நானும் சாட்சி போடலாமா?” என்றாள்.

“நீ வள்ளத்துல இல்லியேம்மா.”

“கரையில நின்னேன்லா. மொத என்கிட்டதான சொன்னது. அறுத்தேன்னு சொல்லலயே. பிந்திட்டேன்னுதான் சொன்னது.”

நான் பேனாவைக் கொடுத்தேன். ‘பிலோமினா’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“இங்கன உறவுன்னு கேட்டிருக்கு. என்ன போட?”

“செத்துப்போன தொம்மையோட மனைவின்னு போடலாம். அதுவும் சரிதான். இல்லன்னா...” நான் முடிக்கவில்லை. என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அம்மா ரொம்ப நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் கிளாடிஸ் மீன் குழம்பைக் கிண்டும் சத்தம் கேட்டது. அம்மா பேனா பிடித்த கையைச் சேலையில் ஒரு முறை துடைத்துக்கொண்டு, குனிந்து, மெதுவாக எழுதினாள். எழுதிய காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

‘தங்கச்சி’ என்று எழுதியிருந்தது. கடிதத்தில் ‘தங்கை’ என்றுதான் வர வேண்டும். நான் திருத்தவில்லை. உறையில் போட்டு ஒட்டி, ஸ்டேஷன் வாசல் தபால்பெட்டியில் போட்டேன். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் நேரே கிட்டங்கிக்குப் போனேன்.

“மாமா, நாளைக்குச் சாப்பிட வரணுமாம்” என்றேன். “நான் கூப்பிடல. ஒங்க தங்கச்சி கூப்பிட்டா.”